மறந்த ஐந்து வளைவுகள்



மழை ஓய்ந்த ஒரு கார்த்திகை மாலையில் எங்கள் ஊர்த் தாயார் ஒருவர் என்னைக் காண வந்தார். வழக்கமாக வாசலில் நின்றபடியே இரண்டு சொல் பேசிவிட்டுப் போகிறவர், அன்று நாற்காலியில் அமர்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிறிது நேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின்னர், "சாமி, என் மகனுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளோடு சென்னைப் பக்கம் பந்தயத் திடலுக்குப் போகப் போகிறானாம். அவன் அப்பாவும் அவனோடு சேர்ந்துகொண்டார். என் அண்ணன் மகனை மண்ணில் வைத்து இன்னும் இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை" என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை.

அந்த அண்ணன் மகனை நான் அறிவேன். இருபத்து மூன்று வயது. உறவினர் வீட்டுத் திருமணத்திற்குச் சென்றுவிட்டு, தான் அதற்குமுன் சென்றிராத ஒரு குறுக்குச் சாலையில் இரவில் திரும்பியபோது, வளைவொன்றில் சாலையை விட்டு விலகிப் புளியமரத்தில் மோதி இறந்தான். அவன் குடித்திருக்கவில்லை. எவரும் வந்து இடிக்கவுமில்லை. சாலை வளைந்தது; அவன் வளையவில்லை. அவ்வளவே.

மறுநாள் அவருடைய மகனை அழைத்துப் பேசினேன். இருபத்து நான்கு வயது. தந்தையின் லேத் பட்டறையிலேயே வேலை. 390 சி.சி. வண்டி ஒன்றைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கியிருக்கிறான். "நான் பந்தயத்திற்குப் போகவில்லை, சாமி. அது 'டிராக் டே'. அங்கே யாரும் யாரையும் வெல்ல வேண்டியதில்லை, பரிசும் கிடையாது. ஓட்டக் கற்றுக்கொள்ளும் நாள். கோவைக்கு அருகே செட்டிபாளையம் கரி திடலில் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டைக்கு இதுதான் முதல் முறை. நான் சொன்னால் அம்மா நம்பமாட்டார்கள். நீங்களே ஒருமுறை வந்து பாருங்கள்" என்றான்.

சென்னையில் எனக்கும் ஓர் அலுவல் இருந்தது. தடுத்து நிறுத்தும் முன் இன்னதென்று அறிந்துகொள்வதே முறை என்று எண்ணி, உடன் செல்ல இசைந்தேன். அங்கு நான் கண்டவற்றுள், மோட்டார் சைக்கிள் உள்ள எல்லா இல்லங்களுக்கும் பயன்படக்கூடிய ஒன்று இருந்தது. ஆதலின் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

ஓடுதளத்திலிருந்து திடலுக்கு

தமிழகத்தில் இவ்விளையாட்டு புதிதன்று. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பயன்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் அக்காலத்தில் பந்தயங்கள் நடைபெற்றன. மூத்த வாசகருள் சிலர் அந்தப் புழுதியையும் இரைச்சலையும் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் அக்கிளப்பினரே திருப்பெரும்புதூருக்கு அருகில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்திற்கென்றே ஒரு பாதையை அமைத்தனர். அது 1990-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். எங்கள் இளைஞன் பழகியிருந்த கோவைத் திடலோ இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதியானது.

வண்டியை அவன் ஓட்டிக்கொண்டு செல்லவில்லை; வாடகைக்கு எடுத்த குட்டியானையில் ஏற்றிக் கயிற்றால் கட்டினார்கள். காரணம் கேட்டேன். "நாள் முழுவதும் ஓட்டிக் களைத்த பிறகு ஐந்நூறு கிலோமீட்டர் வீட்டுக்கு ஓட்டி வரக்கூடாது என்று முன்னால் சென்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்றார் தந்தை. புறப்படுமுன்பே ஒரு நல்ல பாடம் கிடைத்துவிட்டது என்று மனத்துள் குறித்துக்கொண்டேன்.

விடியற்காலையில் திடலை அடைந்தோம். அங்கு நான் எதிர்பார்த்தது ஆரவாரம், கண்டதோ பள்ளிக்கூடம். முதலில் வண்டிகளின் சோதனை. டயரின் தேய்மானம், தடைக்கட்டைகள், சங்கிலியின் தளர்ச்சி, எண்ணெய்க் கசிவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தனர். பாதையில் சிந்தும் ஒரு துளி எண்ணெய், பின்னால் வருபவனை வீழ்த்திவிடும் அன்றோ! முன்விளக்கின் கண்ணாடிமீது ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டச் செய்தனர். விழுந்தால் கண்ணாடித் துண்டுகள் பாதையில் சிதறாதிருக்க அந்த ஏற்பாடு. பின்புறம் காட்டும் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டனர். அங்கே உன் முன்னால் இருப்பதே உன் பொறுப்பு. பின்னால் வருபவன் உன்னைப் பாதுகாப்பாகக் கடப்பது அவன் பொறுப்பு.

அடுத்து உடை. தடித்த தோலாலான முழு உடுப்பு, முழங்கையிலும் முழங்காலிலும் காப்பு, முதுகெலும்புக்கு ஒரு தனிக் கவசம், மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்கால் வரை ஏறும் காலணி, முகத்தை முழுதும் மூடும் தலைக்கவசம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பாதைக்குள் அனுமதி இல்லை. நம் ஊரிலோ ஒரே வண்டியில் மூவர் செருப்புக் காலோடு அமர, தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வருகிறது.

கொடிகளின் மொழி

பின்பு அனைவரையும் அமர்த்திக் கொடிகளின் பொருளை விளக்கினார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே இடர் உண்டு, வேகத்தைக் குறை, எவரையும் முந்தாதே. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் இருந்தால் பாதை வழுக்குகிறது. நீலக்கொடி என்றால் உன்னிலும் விரைவாக ஒருவர் பின்னால் வருகிறார். பதறாதே, உன் வழியிலேயே செல். கறுப்புக்கொடி உனக்கென்று காட்டப்பட்டால் வெளியே வந்து விளக்கம் சொல். சிவப்புக் கொடி என்றால் அனைவரும் வேகம் குறைத்து, எச்சரிக்கையோடு கொட்டகைக்குத் திரும்புக. பச்சை, பாதை தெளிவு. கட்டங்கள் கொண்ட கொடி, சுற்று முடிந்தது.

வந்திருந்தோரைத் திறமைக்கேற்பப் பிரித்தனர். புதியவர், நடுத்தரம், தேர்ந்தவர் என மூன்று குழுக்கள். ஒரு குழு ஏறத்தாழ இருபது நிமிடம் ஓட்ட, ஏனையோர் இளைப்பாறுவர். 'நீ எக்குழு?' என்று ஒவ்வொருவரையும் கேட்டபோதுதான் மனித இயல்பைக் கண்டேன். பெரிய வண்டி வைத்திருந்தோரில் சிலருக்குப் 'புதியவர்' என்று சொல்ல நா எழவில்லை. எங்கள் இளைஞனும் சற்றுத் தயங்கினான். கோவையில் இருமுறை ஓட்டிய பெருமை அவனைப் பிடித்து இழுத்தது. தந்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "புதியவர்" என்றான். அன்று அவன் செய்த அறிவான செயல்களுள் அது முதலாவது.

ஒரு தாளும் ஒரு பென்சிலும்

முதல் சுற்றுகளில் எவரும் எவரையும் முந்தக்கூடாது. பயிற்சியாளர் ஒருவர் முன்னே மெதுவாகச் செல்ல, புதியவர்கள் வாத்துக்குஞ்சுகளைப்போல் வரிசையாகப் பின்தொடர்ந்தனர். பாதையை அறிமுகப்படுத்தும் சுற்று அது. டயரும் குளிர்ந்திருக்கிறது, குளிர்ந்த டயர் சாலையைப் பற்றாது. ஆகையால் வண்டிக்கும் ஓட்டுபவனுக்கும் ஒருசேர அது பழகும் நேரம்.

இருபது நிமிடம் சென்று இளைஞன் திரும்பினான். தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகம் மலர்ந்திருந்தது. "எளிதாகத்தான் இருக்கிறது, அப்பா" என்றான். அதைக் கேட்டுக்கொண்டே வந்த பயிற்சியாளர், நாற்பது வயதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர், அவன் கையில் ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் கொடுத்தார்.

"தம்பி, நீ ஓட்டிய பாதையை வரைந்து காட்டு."

இளைஞன் சிரித்துக்கொண்டே வரையத் தொடங்கினான். நேர்ப்பாதை, முதல் வளைவு, அடுத்த வளைவு என்று பென்சில் விரைந்தது. பிறகு வேகம் குறைந்தது. ஓரிடத்தில் நின்றது. அழித்தான், மீண்டும் வரைந்தான். "இங்கே இடமா, வலமா?" என்று தனக்குள் முணுமுணுத்தான். இறுதியில் பாதையைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து இணைத்துவிட்டான். பயிற்சியாளர் எண்ணிப் பார்த்தார். வளைவுகள் ஏழே இருந்தன.

"பன்னிரண்டில் ஏழு. பரவாயில்லை. மீதி ஐந்து எங்கே?"

"மறந்துவிட்டது, அண்ணா."

"நல்லது. நீ விழுந்தால் அந்த ஐந்தில் ஒன்றில்தான் விழுவாய். நினைவில் உள்ள ஏழும் உன்னை ஒன்றும் செய்யா. அடுத்த முறை வேகத்தை மறந்துவிட்டு, அந்த ஐந்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வா."

தந்தை என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மரணம் நடந்த அந்தக் குறுக்குச் சாலை எங்கள் இருவர் நினைவிலும் வந்தது என்பது உறுதி.

வளைவின் கணக்கு

உணவு இடைவேளை வரை அந்தப் பயிற்சியாளர் சொன்னவற்றை நானும் ஒரு மாணவனைப்போல் கேட்டுக் குறித்துக்கொண்டேன். நம் இல்லத்து இளைஞருக்கும், ஏன், நாள்தோறும் ஸ்கூட்டரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்மாருக்கும் அவை உரியன.

முதலாவது, டயரின் பிடிப்பு. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவே. முன்னும் பின்னுமாக இரண்டு உள்ளங்கைகள். அவ்வளவுதான் நம்மைச் சாலையோடு இணைத்து வைத்திருப்பது. இந்தப் பிடிப்பு ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தைப் போன்றது. தடை போடுவதற்கு முழுதும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இராது. வளைவுக்குள் சென்றபின் அஞ்சிக் கடுமையாகத் தடை போடுபவன், இல்லாத பணத்தைச் செலவு செய்கிறான், வண்டி வழுக்குகிறது. எனவே வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே குறைத்துக்கொள்ள வேண்டும். மெதுவாக நுழைந்தவன் சீராக வெளியேறுவான்.

இரண்டாவது, முன்சக்கரத்தின் தடை. அதைத் தொட்டாலே கவிழ்ந்துவிடுவோம் என்று அஞ்சிப் பின்தடையை மட்டும் மிதிப்போர் நம்மிடையே பலர். தடை போடும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வல்லமையில் பெரும்பங்கு முன்சக்கரத்திற்கே உண்டு. சட்டென்று இறுக்காமல், ஈரத்துணியைப் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்த வேண்டும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் கட்டாயம். அந்த அமைப்பு துணை செய்யும். ஆனால் காலம் கடந்து போட்ட தடையை அது முன்கூட்டிப் போட்டுத் தராது.

மூன்றாவது, வேகத்தின் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறான். இடரைக் கண்டு, மூளை உணர்ந்து, கை அசைவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடும். பின்னர் நன்றாகத் தடை போட்டால் இன்னும் 20 மீட்டரில் நிற்கலாம். ஆக மொத்தம் 37 மீட்டர். வேகத்தை இரட்டித்து 120 ஆக்கினால் தொலைவும் இரட்டிக்கும் என்று நினைப்போம். அன்று! தடை போட்டபின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகிறது. மொத்தம் ஏறத்தாழ 110 மீட்டர் வேண்டும். இரவில் நம் வண்டியின் தாழ்ந்த விளக்கொளி அதில் பாதித் தொலைவைக்கூடத் தெளிவாகக் காட்டாது. அப்படியானால் அவ்வேகத்தில் இரவில் செல்பவன், தான் காணாத இடத்தை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டே செல்கிறான் என்பது பொருளாகிறது.

நான்காவது, கண். வண்டி கண் போகும் வழியே போகும். பள்ளத்தைப் பார்த்து அஞ்சி, அதையே பார்த்துக்கொண்டிருப்பவன் பள்ளத்திலேயே போய் விழுவான். வெட்டவெளியில் ஒரே ஒரு கம்பம் நின்றாலும் அதிலேயே சென்று மோதுகிறவர்கள் உண்டு, விதி என்கிறோம். பெரும்பாலும் அது விதியன்று, அச்சத்தால் அகல மறுத்த பார்வை. ஆகையால் வளைவில் நுழையும்போதே, எங்கே வெளியேற வேண்டுமோ அவ்விடத்தைக் கண்கள் தேட வேண்டும். வெளியேறும் இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், அது தெரியும் வரை வேகத்தைக் கூட்டலாகாது. சில வளைவுகள் நுழையும்போது அகன்று தோன்றி, உள்ளே போகப் போகக் குறுகும். அவையே மிகக் கொடியவை.

ஐந்தாவது, ஒரு வியப்பான செய்தி. வேகமாகச் செல்லும் இருசக்கர வண்டியை வலப்புறம் திருப்ப, வலக் கைப்பிடியை முன்னோக்கி மெல்ல அழுத்த வேண்டும். அதாவது முன்சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்ப, வண்டி வலப்புறம் சாய்ந்து திரும்புகிறது. நாம் எல்லாரும் அறியாமலே இதைச் செய்கிறோம். ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர் முதலில் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்களுள் மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டுவோர் பலரிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டார். நாள்தோறும் திரும்பும் அவர்களால் அதைச் சரியாகச் சொல்ல இயலவில்லை. அறியாமலே செய்வது எளிய சாலையில் போதும். இக்கட்டான நேரத்திலோ, அறிந்து செய்பவனே தப்புகிறான்.

பத்து டாலர் நோட்டு

பிற்பகலில் அந்தப் பயிற்சியாளர் ஒரு நூலின் கருத்தை எடுத்துச் சொன்னார். அமெரிக்காவில் 1980-இல் கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கியவர் கீத் கோட் என்பவர். அப்பள்ளியினர் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்து பயிற்சி அளித்ததுண்டு. அவர் 1983-இல் வெளியிட்ட தம் நூலில், ஓட்டுபவனுடைய கவனத்தைப் பத்து டாலர் நோட்டுக்கு ஒப்பிடுகிறார். உன்னிடம் உள்ளது அவ்வளவுதான். பழகாத ஒன்றைச் செய்யும்போது அதற்கே ஐந்து, ஆறு என்று செலவாகிவிடும். பழகிவிட்டால் சில்லறைக் காசு போதும். மீதி கையில் நிற்கும்.

அறியாத பாதையில் ஓட்டுபவனின் நிலையை இதனினும் நன்றாக விளக்க முடியுமா? 'சாலை எங்கே போகிறது?' என்ற ஒரே கேள்விக்கே அவனுடைய நோட்டில் பெரும்பகுதி செலவாகிறது. தடைக்கு, டயருக்கு, முன்னால் செல்பவனுக்கு, காற்றுக்கு, கொடிக்கு மீதி எங்கே? அதற்கு ஒரே வழி வேகத்தைக் குறைப்பது. வேகம் குறைந்தால் ஒவ்வொன்றின் விலையும் குறையும். பின்னர் அசையாத அடையாளங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் உள்ள பலகை, தரையிலுள்ள ஒட்டு, வண்ணம் பூசிய விளிம்புக்கல் ஆகியவை உதவும். 'இங்கே தடை, இங்கே திரும்பல், இங்கே விடுதல்' என்று ஒவ்வொரு வளைவுக்கும் மூன்று அடையாளங்கள். நகரக்கூடிய நிழலையோ, நிறுத்தியிருக்கும் வண்டியையோ அடையாளமாகக் கொள்ளலாகாது. அடுத்த சுற்றில் அவை அங்கே இரா.

இளைஞன் இரண்டாம் முறை சென்று வந்து வரைந்தபோது ஒன்பது வளைவுகள். மூன்றாம் முறை பதினொன்று.

சிவப்புக்கொடி

மூன்றாம் முறைக்குப் பின், தேர்ந்தவர் குழு சென்றிருந்த நேரம். அதில் ஆயிரம் சி.சி. வண்டியில் வந்திருந்த ஒருவர் நேர்ப்பாதையில் இடிபோல் முழங்கிச் சென்றார். அவருக்கும் இத்திடல் அன்றுதான் முதல் நாள் என்பது பின்னர் தெரிந்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் தொலைவில் புழுதிப் படலம் ஒன்று எழுந்தது. சிவப்புக் கொடிகள் எல்லா முனைகளிலும் உயர்ந்தன. ஆம்புலன்ஸ் விரைந்தது. திடல் முழுதும் அமைதி. அவ்வமைதியில்தான் அந்தத் தாயின் கண்ணீர் எனக்கு முழுதாக விளங்கியது.

நல்லவேளையாக அவர் எழுந்து நடந்தே வந்தார். தோலுடுப்பின் தோள்பகுதி தேய்ந்து வெளுத்திருந்தது. தலைக்கவசத்தில் ஒரு கீறல். வண்டியின் கைப்பிடி வளைந்து, ஓர் ஓரம் முழுதும் நொறுங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்து அமர வைத்தார்கள். என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டதற்கு, தலையைக் குனிந்தபடி அவர் சொன்ன விடை இதுதான்: "அங்கே ஒரு வளைவு இருப்பதை மறந்துவிட்டேன்."

எங்கள் இளைஞன் தன் மடியிலிருந்த தாளை எடுத்து விரித்துப் பார்த்தான். அன்று மாலை இறுதிச் சுற்றுக்கு அவன் செல்லவில்லை. "களைப்பாக இருக்கிறது, அப்பா. பன்னிரண்டாவதையும் பிடித்துவிட்டேன். போதும்" என்றான். களைத்த மாலையில்தான் பலர் விழுகிறார்கள் என்று பயிற்சியாளர் காலையில் சொல்லியிருந்தார். பணம் கட்டிய சுற்றை விட்டுக்கொடுக்க ஓர் இளைஞனுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

திடலும் சாலையும்

அங்கே விழுந்தவர் எழுந்து நடந்ததற்குக் காரணங்கள் பல. பாதையின் ஓரத்தில் மரம் இல்லை, வெறும் வெளி. எதிரே எவரும் வரமாட்டார். நாய் ஓடாது, விளக்கில்லா டிரெய்லர் நிற்காது, மணல் கொட்டிக் கிடக்காது. கொடி காட்ட ஆள் உண்டு. காயம்பட்டால் சில நிமிடங்களில் ஆம்புலன்ஸ் உண்டு. தலை முதல் கால் வரை கவசம். நம் சாலைகளில் இவற்றுள் எது உண்டு?

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். பின்னால் அமர்ந்தவர் என்றால் யார்? பெரும்பாலும் மனைவி, தாய், தங்கை, நண்பன். இவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் சேலைத் தலைப்பால் முகம் துடைக்கும் ஒருவர் இருக்கிறார்.

எனவே பெற்றோர்க்கு ஒரு சொல். மகன் வண்டி கேட்கும்போது, முதலில் முகத்தை முழுதும் மூடும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசத்தை வாங்கிக் கொடுங்கள். தாடைக்குக் கீழ் வாரைப் பூட்டாத தலைக்கவசம் தலையில் இருந்தும் இல்லாததே. விழும்போது முதலில் கழன்று ஓடுவது அதுதான். வண்டிக்குக் கணக்கின்றிச் செலவழித்துவிட்டுத் தலைக்குச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். 'மெதுவாகப் போ' என்று வாசலில் நின்று சொல்வதோடு நிறுத்தாமல், 'எந்த வழியாகப் போகிறாய்? அந்த வழி உனக்குத் தெரியுமா?' என்று கேளுங்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் திடலுக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் செலவு மிகுதி. இடரும் உண்டு என்பதை நானே கண்டேன். ஆயினும், வேகம் என்னும் ஆசை நெஞ்சில் எரியும் ஒரு பிள்ளையை வெறும் தடைச்சொல்லால் அணைக்க இயலாது. அவ்வாசை நெடுஞ்சாலையில் நள்ளிரவில் தீர்வதைவிட, கவசத்தோடும் ஆசிரியரோடும் பகல் வெளிச்சத்தில் தீர்வது எவ்வளவோ மேல்.

இளைஞர்களே, உங்களுக்கு நான் சொல்வது ஒன்றே. அறிந்த சாலையில் நீங்கள் வீட்டுக்காரர். அறியாத சாலையில் விருந்தாளி. விருந்தாளி பிறர் வீட்டில் விளக்கில்லா அறைக்குள் ஓடுவதில்லை. கை நீட்டித் தடவியே நடப்பான். 'எனக்கு வண்டி ஓட்டத் தெரியும்' என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த வளைவை உங்களுக்குத் தெரியுமா? தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவனுக்குத் திடலில் 'புதியவர்' என்று பெயர். சாலையில் அவன்தான் வீடு வந்து சேர்பவன்.

சுவரில் ஒட்டிய தாள்

இரண்டு மாதம் கழித்து அவர்கள் இல்லம் சென்றிருந்தேன். முன்னறைச் சுவரில் அந்தப் பென்சில் படம் ஒட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டு வளைவுகளும் எண்ணிட்டு, அடையாளங்களோடு. அதன் கீழே இன்னொரு தாள். அதிலும் ஒரு சாலை, ஒரே வளைவு, ஓரத்தில் ஒரு சிறு வட்டம்.

"அது எந்தத் திடல்?" என்று கேட்டேன்.

தாயார்தான் விடை சொன்னார். "அது திடல் இல்லை, சாமி. என் அண்ணன் மகன் போன இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பாவும் மகனுமாக அங்கே போய், நடந்தே அளந்து வரைந்துகொண்டு வந்தார்கள். நுழையும் இடத்தில் அகலமாகத் தெரிகிறதாம். மரத்துக்கிட்டே போகப் போகக் குறுகுகிறதாம். ஓர் எச்சரிக்கைப் பலகைகூட அங்கே இல்லை."

பலகை வைக்கக் கோரி மனுக் கொடுத்திருக்கிறார்கள். அது வரும் வரை காத்திருக்கத் தந்தைக்கு மனம் இல்லை. ஊராட்சித் தலைவரின் இசைவு பெற்று, பட்டறையில் தகடு வெட்டி, மஞ்சள் பூசி, கறுப்பு அம்புக்குறி தீட்டி, இரவில் ஒளிரும் ஒட்டுத்தாள் பதித்து, அந்தப் புளியமரத்துக்கு முன்னால் தூண் நட்டு நிறுத்திவிட்டார்கள். மரத்தின் அடியிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டியிருக்கிறார்கள்.

"நீங்களும் போயிருந்தீர்களா, அம்மா?" என்றேன்.

"போனேன், சாமி. இவன் வண்டியில்தான் போனேன்" என்று மகனைக் காட்டினார். "எனக்கும் ஒரு தலைக்கவசம் வாங்கியிருக்கிறான். வழியெல்லாம் மெதுவாகத்தான் ஓட்டினான். அந்த வளைவு வருவதற்கு வெகு தூரம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை."

ஆணியில் இரண்டு தலைக்கவசங்கள் அருகருகே தொங்கிக்கொண்டிருந்தன.